கடையிற் கிடையாத உறுப்பு

பொன்னை நிறுத்துக் கொடுத்துக் காப்புச் செய்விப்பதும், தச்சரை வீட்டுக்கு அழைத்து முதிரைப் பலகையில் அலுமாரி செய்விப்பதும் யாழ்ப்பாணத்தார்க்கு வழிவழி வந்த பழக்கங்கள். கடையில் ஆயத்தமாக இருப்பதை வாங்குவோன் கண்ணாற் பார்த்து விலை பேசினாற் போதும். அளவு சொல்லிச் செய்விப்போனோ தனக்கு வேண்டியது இன்னதென்பதை முன்னரே தெளிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவு இல்லாதவனுக்குத் தச்சர் தமக்கு எளிதாய் வருவதையே செய்து கொடுப்பர். அவர்மீது குறை சொல்ல இடமில்லை. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும் என்பதையும், நம் மொழியின் அண்மைக்கால வரலாறொன்று அதனுள் அடங்கிக் கிடக்கின்றது என்பதையும் என் பழைய மாணாக்கர் ஒருவர் வாயிலாக இவ்வாண்டு நன்கு உணர்ந்தேன்.

அம்மாணாக்கர் கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்பவர். 1990ஆம் ஆண்டுகளிற் குடாநாடு மின்சாரமின்றி இருந்தபோது, மண்ணெண்ணெய் விளக்கொளியில் என்னிடம் இலக்கணம் கற்றவர். மிதிவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. இன்று பகலில் ஒரு களஞ்சியசாலையிற் கணக்கு எழுதுகின்றார். இரவில், யாழ்ப்பாணத்தில் முற்காலத்து அச்சாகிய நூல்களின் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, அவற்றை வரிவரியாகக் கணினியில் எழுத்தேற்றுகின்றார். இதற்கு அவர் கூலி பெறுவதில்லை. ஐயம் எழுந்த இடங்களை ஞாயிறுதோறும் தொலைபேசியில் என்னிடம் கேட்பார். செல்லரித்த ஏட்டில் நிற்பது லகரமோ ளகரமோ என்று இருவரும் அரை மணி நேரம் வழக்காடுவதும் உண்டு.

கடந்த பங்குனியில் அவருடைய கணினி பழுதுபட்டது. "ஐயா, கடையிலை அடுக்கி வைச்சிருக்கிறது ஒண்டும் என்ரை வேலைக்குச் சரிவராது. சாமான் சாமானாய்த் தெரிஞ்சு வாங்கிப் பூட்டுவிக்கப் போறன்," என்றார். "தம்பி, கணினி என்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்று யான் வினாவினேன். அன்று அவர் ஆசிரியரும் யான் மாணாக்கனும் ஆயினோம்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. கணினியின் மூளையாகிய செயலி, எல்லா உறுப்புகளையும் தாங்கும் தாய்ப்பலகை, செய்துகொண்டிருக்கும் வேலையை ஏந்தி நிற்கும் நினைவகம், எழுதியவற்றை நெடுநாள் காக்கும் வன்தட்டு, மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்வழங்கி என்பன தலையாய உறுப்புகள். கடைக்காரர் இவற்றை மதர்போட், ராம், பவர் சப்ளை என்று வழங்குவர். ஒவ்வொன்றிலும் பல வகையுண்டு. விரும்பிய எதனையும் விரும்பிய எதனோடும் சேர்த்தல் இயலாது. இன்ன செயலி இன்ன தாய்ப்பலகையின் குழியிலேதான் அமரும். இன்ன பலகை இன்ன நினைவகத்தையே ஏற்கும். உறுப்புகள் எல்லாம் உண்ணும் மின்னளவைக் கூட்டிப் பார்த்து, அதனினும் சற்று மிகுதியாகத் தரவல்ல மின்வழங்கியைத் தேர்தல் வேண்டும். எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடங்களில் இயையாவிடின் வாக்கியம் வழுவுறுவது போன்றதே இதுவும் என்று யான் சொன்னபோது அவர் நகைத்தார்.

விளையாட்டுக்கென்று கணினி செய்விப்போர், படங்களை விரைந்து தீட்டும் அட்டைக்கே பெரும்பொருள் கொடுப்பர். இவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. இவர் கேட்டவை வேறு: பழைய நூலின் படம் ஒன்றிலும் தாம் எழுதுவது மற்றொன்றிலுமாகத் தோன்ற இரண்டு திரைகள், பிள்ளைகள் உறங்கும் வேளையில் இரையாத காற்றாடி, ஒன்றில் எழுதுவது அக்கணமே மற்றொன்றிலும் பதியுமாறு இரண்டு வன்தட்டுகள். ஒன்று போதாதோ என்றேன். "ஐயா, ஒரே இடத்திலை ஒரே பிரதியை வைச்சிருந்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கல்லோ தெரியும்," என்றார்.

அதன்மேல் யான் ஒன்றும் கேட்கவில்லை. 1981ஆம் ஆண்டு யூன் முதலாம் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றுக்கு மறுபிரதி உலகில் எங்கும் இருந்ததில்லை. இரண்டாவது வன்தட்டுக்கு அவர் கொடுத்த பணம் அவ்விரவின் கணக்கிற் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

இடமறிந்து பொருத்துதலும் செய்விப்போன் கடமையே. இதனை என் சொந்தத் தவறொன்றினால் அறிந்தவன் யான். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தம்முடைய பழைய கணினியைக் கப்பற் பொதியில் எம்மூர்ச் சனசமூக நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இலங்கையில் 230. அப்பெட்டியின் பின்புறத்தே 115 என்றும் 230 என்றும் இரு நிலைகளையுடைய சிறு சிவப்பு விசையொன்று இருந்தது. அதனை மாற்றிய பின்னரே மின்னிணைப்புக் கொடுத்தல் வேண்டுமென்று அவர் கடிதமும் வைத்திருந்தார். கடிதத்தில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்த யான் அதன் பொருளைக் கவனித்திலேன். ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்து நிற்க, மங்கலமாக ஆளியைப் போட்டேன். பட்டாசுபோல் ஓர் ஓசை எழுந்தது, புகையும் வந்தது. மின்வழங்கி ஒன்றை மாத்திரம் புதிதாக வாங்கிப் பூட்டியதும் கணினி பிழைத்துக்கொண்டது. உறுப்பு உறுப்பாக அமைந்த பொறியின் நன்மை அதுவென்று அன்று ஆறுதல் அடைந்தோம்.

இனிக் கட்டுரையின் தலைப்புக்கு வருவேன். இம்முறை அவர் சொன்னபடி எல்லா உறுப்புகளும் கடையிற் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அது விசைப்பலகை. ஆங்கிலம் பொறித்தவையும் பிரெஞ்சு பொறித்தவையும் இருந்தன. தமிழ் பொறித்தது இல்லை. முடிவில் ஆங்கிலப் பலகையொன்றை வாங்கி, அதன் விசைகளின்மீது தமிழ் எழுத்துகளைத் தாள் வில்லைகளாக ஒட்டினார். ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான பொறியில், தமிழ் மட்டும் பசையால் ஒட்டப்பட்டது! இதனைக் கேட்டபோது எனக்குச் சுண்டிக்குளியிற் பிறந்த ஒருவரின் நினைவு வந்தது.

அவர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்குச் சென்று, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் எழுத்தராய்ப் பணியாற்றியவர். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி நாள்தோறும் ஓசையிட்டுக்கொண்டிருந்தது. தமிழுக்கு அத்தகைய பொறி ஏன் இல்லை என்னும் கேள்வி தமிழறிந்த எழுத்தர் பலர்க்கும் எழுந்திருத்தல் கூடும். முத்தையா கேள்வியோடு நில்லாமல் அளவு சொல்லிச் செய்விக்கத் துணிந்தார்.

அவர்முன் நின்ற தடை எளியதன்று. தட்டச்சுப் பொறியில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே இருக்கும். ஒரு விசைக்கு இரண்டு வடிவமெனக் கொண்டாலும் ஏறத்தாழ 90 வடிவங்களுக்குத்தான் இடமுண்டு. அதிலும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பங்கு கேட்கும். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். காலும் கொம்பும் தனித்து நிற்பன. ஆதலால் அவற்றுக்குத் தனித்தனி விசை கொடுத்துவிடலாம். உகர ஊகார வரிசைகளோ 'கு' ஒருவிதம், 'சு' ஒருவிதம், 'மு' ஒருவிதமாக வடிவு வேறுபடுவன. ணகர, றகர, னகரங்களின் ஆகார வடிவங்களும், ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகார வடிவங்களும் அக்காலத்தில் ஒட்டெழுத்துகளாய்த் தனி இடம் வேண்டி நின்றன. இவற்றைப் பிரித்தெழுதும் முறையைத் தமிழக அரசு ஏற்றது 1978இலேதான்.

புள்ளியும் இகர ஈகார விசிறிகளும் இன்னொரு சிக்கலை விளைத்தன. விசையை அழுத்தியதும் தாள் தாங்கிய உருளை ஓரெழுத்தளவு நகர்தல் தட்டச்சுப் பொறியின் இயல்பு. அவ்வாறு நகர்ந்தால் ககரம் ஓரிடத்திலும் அதன் புள்ளி வேறோரிடத்திலும் விழும். இதனைத் தீர்க்க முத்தையா கையாண்டது 'நகரா விசை' என்பது. அவ்விசையை அழுத்தினாற் குறி தாளிற் பதியும்; உருளை நகராது; அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து குறியோடு பொருந்தும். ஐரோப்பியர் தம் எழுத்துகளின் மேற்குறிகளுக்குக் கைக்கொண்ட உபாயம் இவ்வாறு தமிழ்ப் புள்ளிக்கும் பயன்பட்டது. மெய்யெழுத்துப் புள்ளியொடு நிலையும் என்று நாம் வகுப்பறையிற் கற்பிக்கும் விதியை, இரும்பு நெம்புகோலுக்குக் கற்பித்தவர் அவர்.

பொறியை வார்த்துக் கொடுத்தோர் ஜெர்மனியில் திரெஸ்தன் நகரத்துச் சைடல் நௌமான் நிறுவனத்தார். 1868இல் தொடங்கித் தையற் பொறிகளாற் பெயர்பெற்ற அந்நிறுவனம், 1900ஆம் ஆண்டளவில் தட்டச்சுப் பொறித் தொழிலிலும் இறங்கியது. அங்குள்ள தொழிலாளர்க்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. எந்தக் கொம்பு எந்த உயரத்தில் நிற்கும், எந்தச் சுழி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லவேண்டியவர் தமிழரே. யாழ்ப்பாணத்திற் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்து, ஜெர்மனியில் ஒரு பொறி செய்வித்தார். அந்நகரம் 1945 பெப்ரவரியிற் குண்டுவீச்சால் எரிந்தது. முத்தையா வகுத்த முறையோ அழியவில்லை. பின்வந்த தமிழ்த் தட்டச்சுப் பலகைகளுக்கு அது வழிகாட்டியது. சென்னையில் 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறித் தமிழ் அலுவலகத்துள் நுழைந்தபோது, அதன் விரல்களுக்கு ஒரு பொறி ஏற்கெனவே இருந்தது.

பொறி தேடிக் கடல் கடத்தல் நம்மவர்க்குப் புதிதன்று; ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுச் சென்னைக்குச் சென்றது 1849இல். ஆயினும் கணினியின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, தொடக்கக்கால முயற்சிகள் பல தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வெளியே வாழ்ந்தோர் செய்தவையாகவே இருக்கின்றன. 1984இற் கனடாவில் கி. சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ் எழுதியை ஆக்கினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' வந்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இல் அந்நாட்டுக் கவிதைத் திரட்டொன்றின் வழியே தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிற்சர்லாந்தில் வேதியியல் அறிஞராய் விளங்கிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கியதோடு, 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடக்கி வைத்தார். வீட்டுக்கு ஒரு கடிதம் தமிழில் எழுத விரும்பியும், மேசைமேல் இருந்த பொறி ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்த நிலையை அவர்கள் நாள்தோறும் கண்டனர். இல்லாமையை அண்மையில் நின்று கண்டோரே செய்விக்க முற்பட்டனர்.

அவ்வாறு செய்தவற்றுள் நேர்ந்த பிழையொன்றும் நாம் அறியத்தக்கது. நம் குடாநாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய 'பாமினி' எழுத்துருவைப் பலரும் அறிவர். அது பார்வைக்குத் தமிழ். கணினியின் உள்ளே பதிவதோ ஆங்கில எழுத்தின் குறியெண்ணே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்நூலைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். வேட்டி தமிழ், உடுத்தியவன் வேறொருவன்! 1991இல் முதற்பதிப்புக் கண்ட ஒருங்குறியிலே தமிழ் எழுத்துகளுக்குத் தமக்கென்று எண்கள் கிடைத்தன. அது பரவிய பின்னரே ஓரிடத்தில் எழுதிய தமிழை உலகின் எவ்விடத்தும் படிக்கவும், தேடவும் இயல்வதாயிற்று. 2005இல் ஈழத்து நூல்களுக்கென எழுந்த 'நூலகம்' முதலிய எண்ணிம நூலகங்களில் ஒரு சொல்லைத் தேடி உடனே காண்பதும் இவ்வெண்களாலேயே.

இங்கே விசைப்பலகைக்கு மீள்வோம். விசையின்மேல் எழுதியிருப்பது கணினிக்குத் தெரியாது. எந்த விசை அழுந்தியது என்பதே தெரியும். அதற்கு எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் மென்பொருள். ஆகவே முத்தையா எஃகில் வார்த்துக் கேட்டதை, இன்று நாம் ஒரு கட்டளையாற் பெறலாம். என் மாணாக்கர் ஒட்டிய வில்லைகள், 1999இற் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட 'தமிழ்99' முறையைச் சார்ந்தவை. அதன் அமைப்பைக் கேட்டபோது இலக்கண ஆசிரியனாகிய எனக்கு வியப்பு மேலிட்டது.

உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளே தமிழுக்குப் போதும். உயிர்கள் இடக்கைப்புறம், மெய்வரிசையிற் பெரும்பாலன வலக்கைப்புறம். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' பிறக்கும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாதல் என்று நாம் கரும்பலகையில் எழுதுவது விரல்நுனியில் நிகழ்கின்றது. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேற் புள்ளி தானே ஏறி 'க்க' ஆகும். ஙகரத்தின்பின் ககரமும், ஞகரத்தின்பின் சகரமும், நகரத்தின்பின் தகரமும் வரின், மெல்லினத்தின்மேற் புள்ளி தானே வந்தமையும். இன எழுத்து இன்னதென்பதைப் பொறி அறிந்து வைத்திருக்கின்றது! தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் உடனிருந்து செய்வித்த பொறியென்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டு அலுவலகங்களிலோ தட்டச்சுப் பொறியின் வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகை வழங்குகின்றது. எது சிறந்ததென்று வாதிடுதல் என் நோக்கமன்று. பழகிய கைக்குப் பழகியதே இனிது. யான் கவல்வது வேறொன்று. இளையோர் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில ஒலியெழுத்தால் தட்டித் தமிழாகப் பெறுகின்றனர். புலம்பெயர்ந்த பிள்ளைகளைத் தமிழுக்குள் அழைத்துவர இம்முறை உதவுகின்றது. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் அதற்கு ஒரு விலையுண்டு. என் மாணாக்கரின் மகள் 'பள்ளி' என்று எழுதும்போது, "அப்பா, இதுக்குப் பெரிய எல்லா, சின்ன எல்லா?" என்று கேட்டாளாம். நாவின் விளிம்பு அண்பல்லின் அடியைப் பொருந்தவோ, அண்ணத்தைத் தடவவோ பிறக்கும் எழுத்துகள் அக்குழந்தைக்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாய்ப் போயின. செல்லரித்த ஏட்டில் லகரமா ளகரமா என்று தந்தை இரவெல்லாம் விழித்திருக்கின்றார். மகளுக்கு அவ்வேறுபாடு வேறொரு மொழியின் எழுத்தளவாய்த் தெரிகின்றது.

குழந்தைமீது குற்றமில்லை. அவள்முன் வைத்த பலகையில் ளகரம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயத்தமாகக் கிடைத்ததை வாங்கிக் கொடுத்தோர் நாமே. நம் பாடசாலைகளிற் கணினி அறைகள் உள்ளன. அவற்றிலுள்ள பலகைகளில் எத்தனையில் ஓர் அகரத்தைக் காண்கின்றோம்? நன்கொடையாகக் கணினி அனுப்பும் பழைய மாணவர் சங்கத்தார், 'என்ன வேண்டும்?' என்று வினாவுகின்றனர். 'பத்துக் கணினி' என்று தொகை எழுதுகின்றோம். 'தமிழ் பொறித்த விசைப்பலகையோடு' என்னும் மூன்று சொற்களைச் சேர்த்து எழுதுவதில்லை. கேளாதது வராது. முத்தையா கேட்டார், வந்தது.

சென்ற ஞாயிறு தொலைபேசி மணி வழமைபோல் ஒலித்தது. புதிய கணினி பூட்டி முடிந்ததென்றும், காற்றாடி இரைச்சலின்றிச் சுழல்கின்றதென்றும், இரண்டு தட்டுகளும் ஒத்துப் பதிகின்றன என்றும் அவர் சொன்னார். பின்னர் மகளை அழைத்துத் திரைமுன் இருத்தினாராம். வில்லை ஒட்டிய விசைகளை அவள் ஒவ்வொன்றாய்த் தேடித் தட்டினாள்: அ, ம, ம, ஆ. திரையில் 'அம்மா' என்று தோன்றியது. "இந்தப் புள்ளியை ஆர் வைச்சது?" என்று அவள் கேட்ட குரல் எனக்கும் கேட்டது.

அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் சுண்டிக்குளியிலிருந்து தொடங்கவேண்டும். அடுத்த ஞாயிறு சொல்வதாக வாக்களித்திருக்கின்றேன்.